மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு வீடு: சூரிய மின்சாரத்தை மின்வாரிய இணைப்போடு வைப்பதா, பேட்டரியோடு தனியே வைப்பதா?

மாரண்டஅள்ளி வாசி:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு வட்டத்தில், மாரண்டஅள்ளியிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 640 யூனிட் ஓடுகிறது. கடந்த மாதம் இரண்டு நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வந்து மாடியை அளந்துவிட்டுப் போனார்கள். முதலாமவர் மின்வாரிய இணைப்போடு 3 கிலோவாட் போடச் சொல்கிறார். மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் என்கிறார். இரண்டாமவர், அதே 3 கிலோவாட்டை எட்டு பேட்டரிகளோடு போட்டுக்கொண்டால் மின்வாரியத்தின் தயவே இனி வேண்டாம் என்கிறார்.

என் கவலை பணம் மட்டுமன்று. அம்மாவுக்கு 74 வயது, இதய நோயாளி. காற்றாடி நின்றுவிட்டால் அவரால் படுத்திருக்க முடிவதில்லை. சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் வீசும் சூறைக்காற்றில் மரக்கிளை கம்பியின் மேல் விழுந்தால், எங்கள் ஊருக்கு மின்சாரம் திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். கட்டணம் குறைய வேண்டும், அம்மாவின் அறையில் காற்றாடியும் நிற்கக் கூடாது. இவ்விரண்டுக்கும் எந்த வழி பொருந்தும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். வீட்டுக்கு மேற்கே ஒரு தென்னை மரம் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரூர் மின்பணியாளர், ஓய்வு:

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. மின்வாரிய இணைப்போடு மட்டும் ஓடும் இன்வெர்ட்டர், மின்தடை வந்த அந்த நொடியே தானும் நின்றுவிடும். உச்சிவெயிலில் மாடியில் சூரியத் தகடுகள் தகதகவென்று இருந்தாலும் வீட்டில் ஒரு விளக்குகூட எரியாது. இதைக் கோளாறு என்று நினைத்துப் புகார் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது கோளாறு இல்லை, கட்டாயமான பாதுகாப்பு ஏற்பாடு. அந்த இன்வெர்ட்டர் கம்பியில் வரும் மின்சாரத்தின் அலையைப் பார்த்துத்தான் தன் அலையைச் சேர்க்கிறது. பார்ப்பதற்கு அலை இல்லையென்றால் அது ஓடக் கூடாது.

ஏன் கூடாது என்பதற்கு என் பணிக்காலமே சாட்சி. பழுது நீக்க டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பம் ஏறுகிறோம். அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் தாழ்வழுத்தக் கம்பிக்குத் திரும்பி வந்தால், அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி உயரழுத்தப் பக்கத்தில் 11,000 வோல்ட்டாக நிற்கும். மின்வாரிய இணைப்பைத் துண்டிக்கும் சரியான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைச் சொருகிய வீடுகளால் எங்கள் தோழர்கள் பட்ட அடி எனக்குத் தெரியும். ஆகவே, மின்தடையிலும் ஓடும்படி இதைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன் என்று எந்தப் பணியாளராவது சொன்னால், அவரை வீட்டுக்குள் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓசூர் தொழிற்பேட்டை:

பெரியவர் சொன்னது அடிப்படை. நான் கணக்குப் பக்கம் வருகிறேன்.

நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டுப் போல ஏறுவது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன்பின் விகிதம் சற்று உயர்ந்தது, படிக்கட்டின் அமைப்பு அதேதான். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டாலோ, 101லிருந்தே 400 வரை 4 ரூபாய் 50 காசு ஆகிவிடுகிறது. 500க்கு மேல் 8 ரூபாய், 600க்கு மேல் 9 ரூபாய். உங்கள் 640 யூனிட்டுக்கு இந்த விகிதத்தில் 3,110 ரூபாய் வரும்.

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். வாங்குவதையும் கொடுப்பதையும் எண்ணும் இரு வழி மீட்டரில் உங்கள் 640லிருந்து இது கழிந்தால் மீதம் 160. அதில் 100 இலவசம், மிஞ்சிய 60 யூனிட்டுக்கு 135 ரூபாய். அதாவது முதல் 2 கிலோவாட் உங்களுக்கு 2,975 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்த 135 ரூபாயை மட்டும். மூன்றாவது கிலோவாட் தயாரிக்கும் உபரி வீணாகாமல் அடுத்த கணக்கெடுப்புக்குப் போகும் என்பது உண்மைதான். ஆனால் இலவச 100 யூனிட்டை ஏற்கெனவே பெறும் வீட்டில் அந்த உபரியைக் கழிக்க இடமே இருக்காது.

மானியமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் எதுவும் இல்லை. 78,000 என்ற எண்ணைக் காட்டி 3 கிலோவாட் விற்பது எளிது. உங்கள் வீட்டுக்குத் தேவை 2 கிலோவாட். பிற்பாடு குளிர்சாதனமோ மின்சார ஸ்கூட்டரோ வரும் எண்ணம் இருந்தால் மாடியில் இடம் மட்டும் விட்டு வையுங்கள்; 1 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் உற்பத்தி பாதிவரைகூட இறங்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். மாசியிலும் பங்குனியிலும் அது ஈடாகிவிடும்.

மாரண்டஅள்ளி வாசி:

ஐயா இருவருக்கும் நன்றி. 2 கிலோவாட் போதும் என்று இதுவரை எவரும் சொல்லவில்லை. ஆனால் காற்றாடி நின்றுவிடும் என்றால் என் முதல் கவலை அப்படியே இருக்கிறதே. அப்படியானால் எட்டு பேட்டரி சொன்னவரிடம்தான் போக வேண்டுமா?

பென்னாகரம் சாலை:

போக வேண்டாம். நான் போனவன் என்பதால் சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் 3 கிலோவாட், 150 ஆம்பியர்-மணி கொண்ட எட்டு டியூபுலர் பேட்டரிகளோடு முழுக்கத் தனியாகப் போட்டேன். எட்டையும் சேர்த்தால் காகிதத்தில் 14.4 யூனிட் கொள்ளும். ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் சுருங்கும் என்பதால், கைக்கு வருவது 7 யூனிட் மட்டுமே. இது முதல் ஏமாற்றம். இரண்டாவது ஏமாற்றம் பகலில் வந்தது. தெளிந்த நாளில் பதினொரு மணிக்கெல்லாம் பேட்டரி நிரம்பிவிடும்; அதன்பின் வீட்டில் மின்விசிறி ஓடும் அளவுக்குத்தான் தகடுகள் வேலை செய்யும், மிச்ச வெயில் வீண். மின்வாரிய இணைப்பு இருந்திருந்தால் அந்த மிச்சம் முழுவதும் மீட்டரில் ஏறியிருக்கும். மானியமும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அது மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்புக்கே உரியது.

மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் இரவு எட்டரைக்கே இன்வெர்ட்டர் கத்தியது. மறுநாள் பேட்டரி மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று பேட்டரிகளில் தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கும் ஈயத் தகட்டின் மேல் விளிம்பு வெளியே தெரிந்தது. அந்த விளிம்பு சாம்பல் நிறத்தில் உப்புப் பூத்திருந்தது. முனையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக மாவு போலப் படிந்திருந்ததைத் தொட்டால் விரல் எரிந்தது. வீட்டில் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்தபோது வடிகட்டி இயந்திரத் தண்ணீரை ஊற்றியவன் நான்தான். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரை எத்தனை வடிகட்டினாலும் பேட்டரிக்கு அது ஆகாது. ஒன்று போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று நினைத்ததும் தவறு. பழையதோடு புதியதைக் கோத்தால் புதியதையும் பழையது இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. எட்டையும் மாற்றினேன்; ஓராயிரம் ஈராயிரம் இல்லை, லட்சத்தைத் தாண்டிய செலவு. அதுவரை மிச்சம் பிடித்த மின்கட்டணம் எல்லாம் அதில் போயிற்று.

தளிச் சாலைத் தோட்டம்:

அண்ணா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனி அமைப்பே தவறு என்று இந்த இழையைப் படிப்பவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் வீடு தளிக்கு அப்பால், காப்புக்காட்டை ஒட்டிய தோட்டத்தில் இருக்கிறது. கம்பி இழுக்கக் கேட்ட தொகை எங்கள் சக்திக்கு மேற்பட்டது. யானை நடமாடும் இடம் என்பதால், இரவில் வாசல் விளக்கு எரியாமல் குழந்தைகளை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. எங்களுக்குத் தனி அமைப்பைத் தவிர வேறு வழி இல்லை. அது நன்றாகவே ஓடுகிறது.

நன்றாக ஓடக் காரணம், தகடு வாங்கும் முன் தேவையைக் குறைத்ததுதான். பழைய 75 வாட் காற்றாடி இரண்டையும் மாற்றி குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் கொண்ட 30 வாட் காற்றாடி போட்டோம். ஒன்பது மணி நேரம் இரண்டும் ஓடினால் 540 வாட்-மணி. 9 வாட் விளக்கு ஐந்து, ஐந்து மணி நேரத்துக்கு 225. தொலைக்காட்சி 150, கைப்பேசிகளுக்கு 50. ஓர் இரவுக்கு மொத்தம் 1 யூனிட்டைத் தாண்டவில்லை. இதற்கு 400 வாட் தகடு இரண்டும், 2.5 யூனிட் கொள்ளும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் வைத்தோம். இரண்டு நாள் வெயில் முகம் காட்டாவிட்டாலும் சமாளிக்கிறோம். மூன்றாம் நாள் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவோம். மிக்சியும் கிரைண்டரும் பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள்தான் ஓடும். மாமியாருக்கு முதலில் இது சிரமமாக இருந்தது. இப்போது அவரே வானத்தைப் பார்த்துவிட்டு மாவு ஊற வைக்கிறார்.

மாரண்டஅள்ளி அண்ணா, உங்கள் வாசலில் கம்பி இருக்கிறது. எங்களைப் போல முழு வீட்டையும் பேட்டரியில் ஏற்ற வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அம்மாவின் அறைக்கு மட்டும் எவ்வளவு வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்.

மாரண்டஅள்ளி வாசி:

எழுதிப் பார்த்தேன், சகோதரி. காற்றாடி ஒன்று, விளக்கு இரண்டு, இணையப் பெட்டி ஒன்று. புதிய வகைக் காற்றாடி போட்டால் பத்து மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. நான் எட்டு பேட்டரி வரை யோசித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படிக்கு அடியில் 2012ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாற்றிய 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் இருக்கின்றன. இவையே போதுமா?

ஓசூர் தொழிற்பேட்டை:

போதும். அந்தப் பேட்டரியில் பாதியை எடுத்தாலே 0.9 யூனிட், பழைய இன்வெர்ட்டரின் இழப்பைக் கழித்தாலும் அம்மாவின் அறைக்கு ஓர் இரவு தாங்கும். பேட்டரியை மின்வாரிய மின்சாரமே நிரப்பட்டும். அதை மாடித் தகடு ஆண்டுக் கணக்கில் ஈடுகட்டிவிடும். மின்தடைக்கு ஒரு கருவி, கட்டணத்துக்கு ஒரு கருவி என்று பிரித்துவிட்டால் இரண்டும் சிறியவையாகிவிடுகின்றன.

கிருஷ்ணகிரி மாணவர்:

ஐயா, ஹைபிரிட் இன்வெர்ட்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரே பெட்டியில் மின்வாரிய இணைப்பும் லித்தியம் பேட்டரியும் சேர்ந்திருந்தால் மின்தடையிலும் தகடு வேலை செய்யுமே?

ஓசூர் தொழிற்பேட்டை:

செய்யும், தம்பி. மின்தடை வந்ததும் அது கம்பியிலிருந்து தன்னை முழுக்கத் துண்டித்துக்கொண்டு, ஒதுக்கிவைத்த சில சுற்றுகளுக்கு மட்டும் மின்சாரம் தரும். நாள் முழுவதும் மின்சாரம் போய் வரும் ஊருக்கும், பகலிலேயே குளிர்ப்பெட்டியில் மருந்து வைத்திருக்கும் வீட்டுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். மானியம் தகட்டுக்கு உண்டு, பேட்டரிக்கு இல்லை. எனவே கூடுதல் செலவு முழுவதும் நம் கையிலிருந்து போகும். இவருக்கு ஏற்கெனவே ஒரு பேட்டரி இருக்கிறது. அது ஓய்ந்தபின் இந்தக் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

அரூர் மின்பணியாளர், ஓய்வு:

ஓர் எச்சரிக்கை. மாடியிலிருந்து வரும் சூரிய இன்வெர்ட்டரின் கம்பியைப் பழைய வீட்டு இன்வெர்ட்டரின் வெளியீட்டுப் பக்கம் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. மீட்டருக்கு அடுத்த முதன்மைப் பலகையில்தான் அது சேர வேண்டும். மாற்றிச் சேர்த்தால், மின்தடையின்போது சூரிய இன்வெர்ட்டர் வீட்டு இன்வெர்ட்டரின் அலையை மின்வாரிய அலை என்று எண்ணி அதற்குள் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். வீட்டு இன்வெர்ட்டர் எரிந்துபோகக் கூடும். அம்மா அறையின் நியூட்ரல் கம்பியும் தனியாக வர வேண்டும். வீட்டின் பொது நியூட்ரலோடு அது கலந்தால், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் யாராவது அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள், உயிர்காக்கும் கருவி போய்விடும்.

நில இணைப்பு மூன்றும் தனித்தனியே வேண்டும்: நேர்மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, மாறுமின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. நம் பக்கம் பாறை நிலம். நான்கு அடியில் பாறை தட்டியதும் குழியை மூடிவிட்டுப் போகும் பணியாளர்கள் உண்டு. குழி தோண்டும்போது கூடவே நில்லுங்கள்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:

தென்னை மரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு ஓராண்டு இழப்பு அதனால்தான் வந்தது.

எங்கள் வீட்டில் மாலை மூன்று மணிக்கு மேல் உற்பத்தி திடீரென்று சரியும். ஒருநாள் மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். மேற்கேயிருந்து ஒரே ஒரு மட்டையின் நிழல் சீப்புப் பல் போல ஒரு தகட்டின் கீழ்வரிசையில் விழுந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை என்பதால், அந்த ஒரு வரிசையில் மின்னோட்டம் தடைபட்டதும் தகட்டுக்குள் இருக்கும் பைபாஸ் டையோடு அந்தப் பகுதியையே ஒதுக்கிவிடுகிறது. காற்றில் மட்டை ஆடும்போதெல்லாம் கைப்பேசியில் எண் ஏறி இறங்கியது. தண்ணீர்த் தொட்டியின் நிழலும் அப்படித்தான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது, காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் மாடியில் நின்று நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவிட்டு, அதன்பின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

சாய்வைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். நாம் 12 பாகை வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே நிற்கிறது. ஆகவே தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சாய்வு போதும். அதற்கும் படுக்கையாக வைத்தால் மழைநீர் தூசியை அடித்துக்கொண்டு போகாது.

தகட்டைக் கழுவ ஆழ்துளைக் கிணற்று நீரை எடுக்காதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் காய்ந்து வெள்ளைத் திட்டாகப் படிந்தால் தேய்த்தாலும் போகாது. மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, விடியற்காலையில் மென்மையான துணிமாப்பால் துடைக்கிறேன். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. கல்குவாரி பக்கம் இருப்பவர்களுக்கு மாதம் இருமுறையாவது இந்த வேலை உண்டு.

மின்னழுத்தத்தையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொலைவாக, கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளில், மோட்டார்கள் நின்ற பகல் நேரத்தில் அழுத்தம் ஏறும். சூரிய இன்வெர்ட்டர் தானும் மின்சாரத்தைத் தள்ளும்போது அது இன்னும் கூடி, வரம்பைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடும். மீட்டரிலிருந்து இன்வெர்ட்டர் வரை தடித்த கம்பி போட்டால் ஓரளவு குறையும். அதற்கும் குறையாவிட்டால் எழுத்தில் விண்ணப்பித்து டிரான்ஸ்ஃபார்மரில் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

மாரண்டஅள்ளி வாசி:

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2 கிலோவாட் மின்வாரிய இணைப்போடு போட்டாயிற்று. விண்ணப்பம் இணையத்தில் ஏறியது. 10 கிலோவாட்டுக்குக் கீழ் என்பதால் தனியே சாத்தியக்கூறு ஆய்வு தேவைப்படவில்லை. மானியத்துக்கு உள்நாட்டுச் செல்லால் ஆன தகடே வேண்டும் என்பதால், தகட்டின் பின்புற வரிசை எண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மாடிக்கு ஏற்ற விட்டேன். இரு வழி மீட்டர் வர ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை இன்வெர்ட்டரை ஓட்டவில்லை, ஏனென்றால் பழைய மீட்டர் நாம் கொடுப்பதையும் வாங்கியதாகவே எண்ணிவிடலாம் என்று எச்சரித்தார்கள்.

தென்னையை வெட்டச் சொன்னார்கள். அப்பா நட்ட மரம் என்று அம்மா மறுத்துவிட்டார். சுண்ணாம்பால் நிழலைக் குறித்துப் பார்த்ததில் மாடியின் வடகிழக்கு மூலை நாலரை மணி வரை தெளிவாக இருந்தது. சட்டத்தை இரண்டடி உயர்த்தி அங்கே வைத்தோம்.

முதல் கணக்கெடுப்பில் மின்வாரியத்திலிருந்து வாங்கியது 372 யூனிட், கொடுத்தது 214. நிகரம் 158, அதில் 100 இலவசம் போக 58 யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் வந்தது. சென்ற வாரம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தியிருந்தார்கள். மாடியில் இன்வெர்ட்டரின் விளக்கு சிவப்பாக நின்றது. பெரியவர் சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. கீழே அம்மா காற்றாடிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அன்று மாலை பேட்டரியில் அளந்தபோது 12.4 வோல்ட் இருந்தது; பாதிக்கு மேல் மிச்சம்.